இயல்பை விட

ரீகாவில் இந்த ஜனவரியில்
பதினேழு நாள் மழை.
தூண்டில்காரர்கள்
பனிப்பாளத்தைத் துளைக்கும் திருகைக்
காரின் பின்பெட்டியிலேயே விட்டுவிட்டு
பாலத்தில் சாய்ந்து நிற்கிறார்கள்.
கீழே தௌகவா
திறந்து கிடக்கிறது,
பூட்ட மறந்த கடை போல.

வானிலை அலுவலகம், மூன்றாம் மாடி.
வெல்தா சீருலே பழைய பேரேடுகளைக்
கணினியில் ஏற்றிக்கொண்டிருக்கிறாள்.
காலை ஏழு, பகல் இரண்டு, இரவு ஒன்பது.
முதல் ஏடுகள் ஜெர்மனில்,
அப்புறம் ரஷ்யன்,
அப்புறம் லாத்வியம்,
திரும்பவும் ரஷ்யன், திரும்பவும் லாத்வியம்.
கொடி மாறிய இரவிலும் யாரோ
விளக்கெடுத்துப் போய்
பாதரசம் எங்கே நிற்கிறதென்று பார்த்திருக்கிறார்.
கழித்தல் குறி மட்டும்
எல்லா ஆட்சியிலும் அதே ஒரு கோடு.

ஒரு பக்கத்தில் எண்ணே இல்லை.
பென்சிலில் ஒரு வரி:
"மை உறைந்துவிட்டது."

மென்பொருள் சொற்களை ஏற்காது.
இரண்டு முறை முயன்று பார்த்து
‘தரவு இல்லை’ என்று குறித்தாள்.
அந்தக் குளிர்காலத்தின் ஆகக் கொடிய நாள்
சராசரிக்குள் வராமல்
வெளியிலேயே நின்றுவிட்டது.

பிப்ரவரி இரண்டாம் வாரம்
குளிர் வந்தது. வந்தே விட்டது.
மைனஸ் பதினொன்று, நான்கு நாள்.
டிராம்கள் தாமதம். மருந்துக்கடையில் வரிசை.
மார்கெர்ஸ், வெல்தாவின் மகன், ஆறு வயது,
விலைச் சீட்டு இன்னும் தொங்கும் சறுக்குவண்டியை
மாடிப்படியில் தடதடவென இறக்கினான்.

பத்திரிகையிலிருந்து கின்ட்ஸ் கூப்பிட்டான்:
"உறைபனிப் பிடியில் தலைநகர்.
தலைப்பு தயார், ஒரு எண் கொடுங்கள்.
என் வயதுக்கு இப்படி நான் பார்த்ததில்லை."
அவனுக்கு இருபத்தாறு.

அவள் கையில் நூறு வருடத்துக்கு முந்தைய ஏடு.
அதே வாரம்.
மைனஸ் பதினொன்று. பன்னிரண்டு. பத்து. பதினொன்று.
பக்கத்தில் குறிப்புப் பத்தி.
ஹெ. ப. என்று மட்டும் கையெழுத்திடும் ஒருவர்
நிதானமான எழுத்தில் எழுதியிருக்கிறார்:
"குறிப்பிடத்தக்கது ஒன்றுமில்லை."

இயல்பு என்பது முப்பதாண்டுச் சராசரி.
பத்தாண்டுக்கு ஒருமுறை
முன்னாலிருந்து பத்துக் குளிர்காலம் உதிரும்,
பின்னால் பத்து வந்து ஒட்டும்.
இதில் பொய் ஏதும் இல்லை, கணக்கு சரி.
ஆனாலும்,
கால் வளர வளர
அளவுகோலையும் கொஞ்சம் இழுத்துவிட்டால்
செருப்பு எப்போதும் பொருந்தத்தானே செய்யும்.

இதை எழுதும் எனக்குப் பனி என்றால்
மார்கழிப் புல்லில் ஒரு சொட்டு.
முன்பனி, பின்பனி,
இரண்டே அறையுள்ள மொழியில்
அவர்களுடைய குளிர்காலத்தைக்
குடிவைக்கப் பார்த்தேன்.
இடம் பற்றாது என்றுதான் பயம்.
இந்த வருடம்
சாமான்களோடு உள்ளே வந்து
கையை வீசி நடக்கவும் இடமிருக்கிறது.

கின்ட்ஸிடம் என்ன சொல்வது?
இயல்பை விட எட்டு டிகிரி குறைவு என்றாள்,
புது இயல்பை விட.
‘புது’ அச்சில் வரவில்லை.

நான்காம் நாள் அந்தியில்
ஆற்று வளைவில் தூண்டில்காரர்கள் இறங்கினார்கள்.
நான்கு விரற்கடைப் பாளம்.
ஒலிபெருக்கியில் போலீஸ் திட்டத் திட்ட
திருகு கிறீச்சிட்டது,
துருவிய தேங்காய் போல வெள்ளைத் தூள் குவிந்தது.
ஐவர்ஸுக்கு ஒரே ஒரு பெர்ச் மீன்,
உள்ளங்கை நீளம் இருக்கும்.
அதைப் படம் எடுத்துவிட்டு
திரும்பத் துளைக்குள் விட்டான்.

ஐந்தாம் நாள் மழை.
இரவு ஒன்பது மணி வாசிப்பு:
ஒன்று புள்ளி ஆறு,
கழித்தல் குறி இல்லாமல்.
ஆள் போன ஆற்றோரத்தில்
துளைகள் ஒவ்வொன்றாக அகன்று
பக்கத்துத் துளையைத் தொட்டு
ஆறாகிக்கொண்டிருந்தன.